‘வன்முறை’க்கு மாற்றுச் சொல்: எங்கே எது?

முதலில் எத்தனை தரப்பு என்று பாருங்கள். இருவரும் அடித்துக்கொண்டால் கைகலப்பு. ஆயுதமும் ஆளும் கூடினால் மோதல். ஒருவர் மட்டும் அடி வாங்கியிருந்தால் அது தாக்குதல். அங்கே ‘கைகலப்பு’ என்று எழுதினால் அடி வாங்கியவர் மீதும் பாதிப் பழி விழும். செய்திகளில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்.

கலவரத்துக்குக் கூட்டம் வேண்டும். ஆனால் 1983-இல் இலங்கைத் தமிழர்மீது நடந்ததை ‘இனக்கலவரம்’ என்றால் இரு தரப்பும் மோதியதுபோல் தொனிக்கும். அதற்கு ‘வன்செயல்’ என்ற சொல் ஈழத்தவர் எழுத்தில் பரவலாக உண்டு.

சட்டம் வரும் இடத்தில் சொல்லை மாற்றவே கூடாது. இந்தியாவில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புக்கானது, 2005-இன் சட்டம் குடும்ப வன்முறைக்கானது.

‘இம்சை’ பேச்சுவழக்கில் வெறும் தொல்லையாகத் தேய்ந்துவிட்டது (‘அகிம்சை’ மட்டும் எப்படியோ தப்பியது). காவலில் நடந்த கொடுமைக்குச் ‘சித்திரவதை’ என்றே எழுதுங்கள். வினையையும் கவனியுங்கள்: வன்முறை வெடிக்கும், வன்முறையில் ஈடுபடுவார்கள், ‘வன்முறை செய்தார்’ ஒட்டாது. அடிதடி, ரகளை இரண்டும் தெருச்சண்டை அளவுக்குத்தான்; உயிர் போன இடத்தில் அவை கேலியாகிவிடும்.