சீனப் பெண்கல்வி: வகுப்புச் சுவருக்கு ஒரு காலக்கோடு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளுக்கு மூன்று சார்ட் தாள் போதும். நீளவாக்கில் ஒட்டி, 160 செ.மீ. கோடு போடுங்கள். இடது முனை 1840. ஓர் ஆண்டுக்கு 2 செ.மீ.

8-ஆம் செ.மீ.யில் 1844: சீனத் துறைமுக நகரான நிங்போவில் ஆங்கிலேய மிஷனரி மேரி ஆன் ஆல்டர்சி தொடங்கிய பெண்கள் பள்ளி. 116-இல் 1898: ஷாங்காயில் சீனர்களே நடத்திய பள்ளி. 134-இல் 1907: அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசின் பெண்கள் பள்ளி விதிகள். 160-இல் 1920: பீக்கிங் பல்கலைக்கழகத்தில் மாணவிகள்.

சம இடைவெளியில் எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. முதல் இரண்டுக்கும் நடுவே கிடக்கும் 54 ஆண்டு கண்ணில் படாமல் போகும். அங்கே, பாதம் சிறிதாக இருக்கச் சிறுமிகளின் காலைத் துணியால் இறுக்கும் ‘பாதம் கட்டும்’ வழக்கத்தைச் சொல்லுங்கள்: கட்டிய பாதத்தோடு சிறுமி பள்ளிக்கு நடப்பது பெரும்பாடு. 1840-க்கு முன் ‘கல்வி இல்லை’ என்று மட்டும் எழுத வேண்டாம். வசதியான வீட்டு மகள்கள் வீட்டிலேயே படித்தார்கள், கவிதையும் எழுதினார்கள்.