கடை விசிறியை மாற்றினால் கரண்ட் பில் இறங்கும்

சுற்றுச்சூழல் என்றாலே "நமக்கு எதுக்குங்க அந்த வீண் செலவு" என்கிற கடைக்காரர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கூரையில் சுற்றும் பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்கிற, குறைந்த கரண்ட்டில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள விசிறிக்கு 30 வாட் அளவே போதும். எட்டு விசிறி தினமும் 12 மணி நேரம் ஓடுகிற ஒரு மெஸ்ஸில் மாதம் கிட்டத்தட்ட 130 யூனிட் மிச்சம். உங்கள் பில்லில் யூனிட்டுக்கு என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்ற வேண்டாம். கல்லாவுக்கு மேலே நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிறதே, அதை முதலில் மாற்றுங்கள். எப்போதாவது போடுகிற ஸ்டோர் ரூம் விசிறி அப்படியே இருக்கட்டும். வாங்கும்போது ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். ரிமோட்டை மட்டும் கல்லாப்பெட்டியிலேயே வையுங்கள், இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும்.