தோலில் கட்டி, பொருக்கு, வீக்கம்: வீட்டில் பார்ப்பது எதுவரை?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் அறுவடைக் காலத்தில் உடம்பில் கட்டி கிளம்பினால், மாம்பழச் சூடு என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். பழம் கட்டியை உண்டாக்குவதில்லை. வியர்வையும் உராய்வும் மிகுந்த இடத்தில் மயிர்க்காலுக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா புகுவதே காரணம். ஆனால் காம்பு ஒடிக்கும்போது தெறிக்கும் பால் பட்டுத் தோல் வெந்து, அதைச் சொறிவதால் கிருமிக்கு வழி திறப்பது உண்டு.

காய்ச்சல் இல்லாத சிறு கட்டியாக இருந்தால், பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை 10 நிமிடம், நாளுக்கு 3 அல்லது 4 முறை ஒத்தடமாக வைக்கலாம். தானாக உடைந்தால் சோப்பு நீரில் கழுவி மூடி வைக்க வேண்டும். சுண்ணாம்பு தடவுவது தோலை மேலும் புண்ணாக்கும். பிதுக்குவது, குறிப்பாக மூக்கிலும் மேலுதட்டிலும், ஆபத்தானது.

குழந்தையின் வாய், மூக்கைச் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால், அது பெரும்பாலும் இம்பெடிகோ என்னும் பாக்டீரியாத் தொற்று. அக்கி என்று எண்ணிக் காவி பூசுவதால் இது ஆறாது. அக்கி வைரஸால் வருவது. துண்டைத் தனியாக வைத்து, நகத்தை வெட்டி, மருத்துவர் தரும் களிம்பைப் பொருக்கை ஊறவைத்து நீக்கிய பிறகு தடவ வேண்டும். மருந்துக்கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுத் தொற்றை வளரவிடும்.

அதிகக் கவனம் வேண்டியது செல்லுலைட்டிஸ், அதாவது தோலின் ஆழத்தில் பரவும் பாக்டீரியாத் தொற்று. முள் குத்திய இடம், பித்தவெடிப்பு, விரலிடுக்குச் சேற்றுப்புண் ஆகியவற்றின் வழியே கிருமி நுழைந்து, பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் பரவும். நம் கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், புறங்கையை வைத்து இரு கால்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கி 2 நாளான பின்னும் கோட்டைத் தாண்டிப் பரவினால் மீண்டும் போக வேண்டும். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதும், சேற்றுப்புண்ணுக்குத் தனியே மருந்திடுவதும் சிகிச்சையின் பகுதிதான். வலி தணிந்ததும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் சிறு புண்ணையும் காட்டிவிடுவது நல்லது.

பார்வைக்குத் தெரிவதைவிட வலி கடுமையாக இருந்தாலோ, தோல் கருநீலமாகிக் கொப்புளித்தாலோ, குளிர்காய்ச்சலோடு மனம் குழம்பினாலோ, 108-ஐ அழைத்து மாவட்ட மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால், ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.