ஈடர் வாத்தைக் கரையில் நின்றே அடையாளம் காண்பது எப்படி?

வடக்குக் கடல்களின் வாத்துகளைப் பார்க்கப் பழகுபவர்கள் ஈடரிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. மற்ற கடல் வாத்துகள் பல, எட்டாத தூரத்தில் வெறும் புள்ளியாக மிதக்கும். ஈடரோ பாறைக் கரையை ஒட்டியே மேயும். உருவமும் பெரிது: 50 முதல் 70 செ.மீ. நீளம், ஏறத்தாழ 2 கிலோ எடை. ஐரோப்பிய வாத்துகளில் இதைவிடப் பெரியது கிடையாது. ஐஸ்லாந்து, நார்வே, ஸ்காட்லாந்து, பால்டிக் கடல், கனடாவின் கிழக்குக் கரை என்று பரந்து வாழ்கிறது. சாதாரண பைனாகுலர் ஒன்றும், காற்றைத் தாங்கும் உடையும் இருந்தால் போதும்.

படி 1: சிப்பிப் பாறையைக் கண்டுபிடியுங்கள்

பாறைகளில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளரும் கருநீலச் சிப்பிதான் ஈடரின் முக்கிய உணவு. சிப்பி எங்கே இருக்கிறதோ அங்கே ஈடர் வரும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். நீர் குறையும்போது சிப்பிகள் அதிக ஆழமில்லாமல் கிடைக்கும், வாத்துக்கு முக்குளிக்கும் வேலை குறையும். ஏற்றத்தின் போது போனால் பெரும்பாலும் பாறை மேல் தூங்கிக்கொண்டிருக்கும் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்.

படி 2: நிறத்துக்கு முன் தலையைப் பாருங்கள்

நெற்றியும் அலகும் ஒரே சரிவாக இறங்கினால் அது ஈடர். நெற்றிக்கும் அலகுக்கும் நடுவே பள்ளமே இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் மரம் பிளக்கும் ஆப்பு மாதிரி இருக்கும். கன்னத்து இறகுகள் அலகின் மேல் மூக்குத்துளை வரை நீண்டிருக்கும். மங்கலான வெளிச்சத்திலும் மழைச் சாரலிலும் நிறம் ஏமாற்றும், இந்த வடிவம் ஏமாற்றாது.

படி 3: ஆண், பெண், இளசு

வளர்ந்த ஆணைத் தவறவிட முடியாது. முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு, தலையில் கறுப்புத் தொப்பி, பிடரியில் இளம்பச்சை, மார்பில் லேசான ரோஸ் பூச்சு. பெண் முழுக்கப் பழுப்பு, உடலெங்கும் நெருக்கமான கறுப்புக் கோடுகள். தொடக்கக்காரர்கள் பெண்ணை அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பறவையின் கதையில் பாதிக்கு மேல் அவளுடையதுதான்.

குழப்பம் வருவது இரண்டு இடங்களில். கோடையின் பிற்பகுதியில் ஆண் தன் பகட்டு உடையைக் களைந்து கருமையாகிவிடும். சிறகிறகுகளும் ஒரே நேரத்தில் உதிர்வதால் சில வாரங்கள் பறக்கவே முடியாது. இரண்டாவது, இளம் ஆண்கள். முழு நிறம் வர இரண்டு மூன்று வருடங்கள் பிடிக்கும். அதுவரை கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும். அப்போது மறுபடி படி 2-க்குப் போங்கள்.

படி 4: ஒரே பறவையை விடாமல் கவனியுங்கள்

கூட்டத்தை எண்ணுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் மேலேயே கண்ணை வையுங்கள். முக்குளிக்கும் கணத்தில் அது சிறகைப் பாதி விரிப்பது தெரியும். நீருக்குள் காலோடு சிறகையும் அடித்துத்தான் இறங்குகிறது. மேலே வரும்போது வாயில் சிப்பி இருந்தால், அதை உடைக்க முயல்வதே இல்லை என்பதைப் பார்ப்பீர்கள். ஓட்டோடு முழுசாக விழுங்கிவிடும். உடைக்கும் வேலை உள்ளே நடக்கிறது. தடித்த தசை கொண்ட அரைவைப்பை ஓட்டை நொறுக்கித் தூளாக்கிவிடும். நண்டு அகப்பட்டால் மட்டும் கொஞ்சம் நாடகம்: அதை உதறி உதறிக் கால்களைக் கழற்றிய பிறகே விழுங்கும். அதற்குள் பிடுங்கிக்கொண்டு போகக் கடற்காகம் ஒன்று பக்கத்தில் காத்திருக்கும்.

சிப்பியோடு கடல்நீரும் நிறைய உள்ளே போகிறது அல்லவா? கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பிகள் அந்த அதிக உப்பைப் பிரித்து மூக்குத்துளை வழியாக வெளியேற்றிவிடுகின்றன.

உறையாத நீர் கிடைக்கும் வரை குளிர் இதற்குப் பெரிய பொருட்டல்ல. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் ஒரு கிளையினம் குளிர்காலத்திலும் தெற்கே போவதில்லை. பனிக்கட்டிக்கு நடுவே நீரோட்டத்தால் உறையாமல் நிற்கும் திறப்புகளில் காலம் தள்ளுகிறது. 1991–92 குளிர்காலத்தில் அந்தத் திறப்புகளும் மூடிக்கொண்டதால் பறவைகள் ஏராளமாக மடிந்தன.

படி 5: காது கொடுங்கள்

குளிர்காலம் முடியும் சமயம் ஆண்கள் பெண்ணைச் சுற்றிக் கூடி, தலையைப் பின்னால் எறிந்து "ஆ-ஊஊ" என்று கூவும். யாரோ வம்புச் செய்தி கேட்டு வியப்பது போலவே இருக்கும்! பைனாகுலர் இல்லாமலே ஈடரைக் கண்டுகொள்ள இது ஒன்று போதும்.

படி 6: கூட்டை நெருங்காதீர்கள்

தீவுகளில் கூட்டமாகக் கூடு வைக்கும். பெண் தன் மார்புத் தூவியையே (மெல்லிய உள்ளிறகையே) பறித்து மெத்தை போட்டு, வழக்கமாக நான்கைந்து முட்டை இடும். ஆண் சீக்கிரமே கிளம்பிவிடும். சுமார் 25 நாள் அவள் ஏறக்குறைய எதுவும் உண்ணாமல் அடைகாப்பாள். எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கரைந்துபோகும். முட்டையிடுமுன் சிப்பி தின்று சேர்த்த கொழுப்புதான் அவளைத் தாங்குகிறது. திடுக்கிட்டு எழுந்தால் முட்டைகளின் மேல் நாற்றமடிக்கும் எச்சத்தைப் பீச்சிவிட்டுப் போவாள். அவள் விலகிய நேரத்தில் கடற்காகம் முட்டையைத் தூக்கிவிடும். ஆகவே ஒரு நல்ல படத்துக்காக நாலடி முன்னே போவதுகூட வேண்டாம்.

கூட்டருகே போகும் உரிமை சிலருக்கு உண்டு. ஐஸ்லாந்திலும், 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த நார்வேயின் வேகா தீவுகளிலும் ஈடருக்குத் தங்குமிடம் அமைத்து, காவல் காத்து, தூவியைச் சேகரிக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு கிலோ தூவிக்குச் சுமார் 60 கூடு வேண்டும்.

படி 7: குஞ்சுகளை எண்ணும்போது

பொரிந்த ஓரிரு நாளிலேயே குஞ்சுகள் கடலில் இறங்கிவிடும். ஒரு பெண்ணுக்குப் பின்னால் இருபது குஞ்சு போனால் அத்தனையும் அவளுடையவை என்று குறித்துவிடாதீர்கள். பல தாய்களின் குஞ்சுகள் ஒன்றாகக் கலந்து நீந்தும், குஞ்சு இல்லாத பெண்களும் காவலுக்குச் சேர்ந்துகொள்ளும். குறிப்பேட்டில் வளர்ந்த பெண் பறவைகளை ஒரு பக்கமும் குஞ்சுகளை இன்னொரு பக்கமும் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள்.