கடைசிக் கண்ணிக்குப் பிறகு: பின்னியதை வீட்டிலேயே முடித்தெடுப்பது எப்படி?

"பின்னி முடித்துவிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பின்பக்கத்தின் படத்தைத்தான். அநேகமாக நாலைந்து நூல் நுனிகள் தொங்கும், விளிம்பு சுருண்டிருக்கும், ஒரு பக்கம் மற்றதைவிட நீளமாக இருக்கும். பின்னலில் பிழை ஒன்றும் இருக்காது. முடித்தெடுக்கும் வேலையை யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம்.

எனக்குக் குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் பின்னல், பழக்கியது பெரியம்மா. கடைசிக் கண்ணியை இழுத்து இறுக்கிவிட்டு நான் கத்தரிக்கோலைத் தேடினால், "வெட்டாதை பிள்ளை, இன்னும் முடியேல்லை" என்பார். ஒரு குழந்தைத் தொப்பியைப் பின்னுவதற்கு இரண்டு மாலை போதும். அதை முடித்தெடுக்க இன்னொரு மாலையும் காய்வதற்கு ஒரு நாளும் ஒதுக்கி வையுங்கள். அந்த நேரத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டால் அலுமாரிக்குள் அரைகுறையாக எதுவும் தேங்காது.

தேவையானவை அதிகமில்லை. காது பெரிதான, முனை மழுங்கிய ஊசி ஒன்று. கூர் ஊசி நூலைப் பிளந்துவிடும், அதனால் சாதாரணத் தையல் ஊசி சரிவராது. அளவு நாடா, கத்தரிக்கோல், இரண்டு துவாய்கள், துருப்பிடிக்காத குண்டூசிகள், பிறகு பிள்ளைகள் விளையாடும் எழுத்துப் போட்ட நுரைப் பாய்த் துண்டுகள். கொழும்பில் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு ஒருமுறை போனால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

முதலில் நூல் எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் 'ஊல்' என்று கேட்டால் இங்கே பெரும்பாலும் கையில் தருவது அக்ரிலிக். அது ஆட்டு ரோமம் அல்ல, செயற்கை இழை. லேபல் இருந்தால் வாசியுங்கள். லேபல் இல்லாமல் எடைக்கு வாங்கிய நூலென்றால் ஒரு சிறு சோதனை இருக்கிறது. விரல் நீளத் துண்டொன்றைக் குறட்டில் பிடித்து, குசினியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது உண்மையான கம்பளி. கடதாசி எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருங்கி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். ஆறும்வரை தொடாதீர்கள். இனி வரும் வேலை எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

இறுக்காமல் மூடுங்கள்

பழகுகிறவர்களின் கை கடைசி வரிசையில்தான் அதிகம் இறுகும். தொப்பி தலையில் ஏறாமல் போவதற்கும் காலுறை கணுக்காலில் சிக்குவதற்கும் காரணம் இதுதான். இரண்டு ஊசியால் பின்னும் ஊசிப்பின்னலில், 4 மில்லிமீற்றர் ஊசியில் பின்னியிருந்தால் கடைசி வரிசையை மூட மட்டும் 5 மில்லிமீற்றர் ஊசி எடுங்கள். குரோஷேயில் கடைசிக் கண்ணி முடிந்ததும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் நூல் விட்டு வெட்டி, அந்த நுனியைக் கண்ணிக்குள்ளால் முழுவதுமாக இழுத்தெடுத்தால் போதும். துண்டுகளைத் தைக்கவேண்டி இருந்தால், தைக்கும் நீளத்தைப்போல இரண்டரை மடங்கு நூல் விட்டே வெட்டுங்கள். பிறகு புது நூல் சேர்க்கத் தேவையில்லை.

நூல் நுனிகளை உள்ளே மறைத்தல்

முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முடிச்சு பின்பக்கத்தில் சிறு கல்லைப் போல உறுத்தும், குழந்தையின் தோலுக்கு அது ஆகாது, நாலு தோய்ப்பில் அவிழ்ந்தும் போகும்.

நுனியை மழுங்கிய ஊசியில் கோருங்கள். பின்பக்கத்தைத் திருப்பி, அதே நிறக் கண்ணிகளின் அடியால் ஊசியை ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் ஓட்டுங்கள். கடைசி இழையொன்றைத் தாண்டி விட்டு, வந்த வழியாலேயே திரும்புங்கள். அந்தத் தாண்டிய இழைதான் நூலைப் பிடித்து வைக்கும் கொளுக்கி. பிறகு மூன்றாம் முறை வேறு திசையில், மேலோ கீழோ, கொஞ்சத் தூரம். மூன்று திசையில் போன நூல் எந்தப் பக்கம் இழுத்தாலும் வெளியே வராது. முன்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது சுருக்கம் தெரிந்தால் நூலை இறுக்கி இழுத்துவிட்டீர்கள். இரண்டு விரலால் துணியை மெதுவாக விரித்துவிட்டால் சரியாகிவிடும்.

இன்னும் ஒட்ட வெட்ட வேண்டாம். ஒரு சென்ரிமீற்றர் வால் இருக்கட்டும். நனைத்து விரிக்கும்போது பின்னல் நீளும், நூலும் கூடவே உள்ளே போகும். காய்ந்த பிறகு வெட்டுவதுதான் பாதுகாப்பு.

பிளாக்கிங்: நனைத்து, வடிவம் பிடித்து, காயவைத்தல்

முழு வேலையிலும் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். கோணல்மாணலாக இருந்த துண்டு கண் முன்னாலேயே நேராகும்.

கம்பளியும் பருத்தியும் என்றால் சூடில்லாத தண்ணீரில் ஒரு துளி மென்மையான சவர்க்காரம் கலந்து, 15 முதல் 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். கசக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். ஆட்டு ரோமத்தின் இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவி, துணி தடித்துச் சுருங்கிவிடும். அதை மீட்கவே முடியாது. தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். நனைந்த பருத்தியின் பாரமே அதை இழுத்து நீட்டிவிடும். முறுக்கிப் பிழியாமல், துவாயில் பாய்போலச் சுருட்டி, அதன்மேல் முழங்கையால் அமத்துங்கள்.

பிறகு நுரைப் பாயில் விரித்து, அளவு நாடாவை வைத்து, முதலில் நான்கு மூலைகளுக்கும் குண்டூசி குத்துங்கள். அதன்பிறகு விளிம்பின் நடுக்கள், கடைசியாக இடைவெளிகள். ஒரே பக்கத்திலிருந்து குத்திக்கொண்டு போனால் மறுபக்கம் வளைந்துவிடும்.

ஊசி விஷயத்தில் ஒரு நட்டம் எனக்கு நடந்திருக்கிறது. அக்காவின் மகளுக்கு வெள்ளைப் பருத்தியில் ஒரு சால்வை. கையில் கிடந்த சாதாரணக் குண்டூசிகளைக் குத்தி, மழைநாளில் இரண்டு இரவு காயவிட்டேன். மூன்றாம் நாள் ஊசியை எடுத்தபோது விளிம்பு முழுக்கத் தேயிலைச்சாயம் பட்டதுபோல செம்பழுப்புப் புள்ளிகள். எலுமிச்சம்புளியும் உப்பும் தேய்த்தும் பாதிதான் போனது. கொழும்புக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும், தென்மேல் பருவ மழை தொடங்கினால் இன்னும் கூடும். எனவே துருப்பிடிக்காத ஊசி என்று கேட்டே வாங்குங்கள்.

காயவைப்பதும் இங்கே தனிக்கலை. வெள்ளவத்தை மாடி வீட்டில் பருத்தி ஸ்வெட்டர் ஒன்று காய இரண்டு நாள் எடுப்பது வழமை. பாயைத் தரையில் போடாமல் உடுப்புக் காயப்போடும் கம்பித் தட்டின் மேல் வையுங்கள், அடியிலும் காற்றுப் போகட்டும். ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தோள் நீண்டுவிடும். நேர் வெயில் நிறத்தை வெளிற வைக்கும். மேலே காய்ந்ததுபோல இருந்தாலும் கக்கத்தையும் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அக்ரிலிக் வேறு மாதிரி. நனைத்துக் காயவைத்தால் கொஞ்சம்தான் மாறும், அதை நேராக்குவது ஆவிதான். ஊசி குத்திய துண்டுக்கு மேலே ஆவி அயன்பெட்டியை 2 அல்லது 3 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்து, ஆவியை மட்டும் விடுங்கள். பெட்டி நூலில் பட்டால் இழை உருகி, பளபளத்து, உயிரில்லாமல் தொங்கும். பிறகு எதுவும் செய்ய முடியாது. கைவிளிம்பு, கழுத்துப்பட்டி போன்ற இழுபடும் பகுதிகளுக்கு ஆவியே காட்டாதீர்கள், இழுவை போய்விடும். முதலில் ஒரு சிறு மாதிரித் துண்டில் பழகிப் பாருங்கள்.

மேசைக்கும் கதிரை முதுகுக்கும் போடும் குரோஷே விரிப்புகளுக்குப் பழைய கஞ்சிமுறைதான் இன்றும் நல்லது. சோற்றுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடித்து, விரிப்பைத் தோய்த்து, ஒவ்வோர் இதழையும் ஊசியால் இழுத்துக் காயவிடுங்கள். நீண்டநாள் எடுத்து வைப்பதானால் கஞ்சியைக் கழுவி விடுங்கள். வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து.

துண்டுகளைச் சேர்த்துத் தைத்தல்

பிளாக்கிங் முடிந்த பிறகே தையுங்கள். அளவு ஒன்றான துண்டுகள் தாமாகப் பொருந்தும். இரண்டையும் நல்ல பக்கம் மேலே இருக்கப் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். ஊசிப்பின்னலில் விளிம்புக் கண்ணியையும் அடுத்ததையும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், நடுவில் ஏணிப்படிபோலக் குறுக்கு இழைகள் தெரியும். இடப்பக்கத்து ஒரு படியின் கீழால் ஊசியை விடுங்கள், பிறகு வலப்பக்கத்து ஒரு படி, மறுபடி இடம். நாலைந்து சென்ரிமீற்றர் தளர்வாகப் போன பிறகு நூலை மெல்ல இழுங்கள். பொருத்து மறைந்து, ஒரே துண்டாகப் பின்னியதுபோல மூடிக்கொள்ளும். முதன்முதலாக அதைப் பார்க்கிறவர்கள் இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். குரோஷேத் துண்டுகளுக்கு இரண்டு விளிம்புக் கண்ணிகளையும் சேர்த்துச் சுற்றித் தைத்தாலே போதும்.

தெறிகளைப் பின்னல் நூலால் அல்ல, அதே நிறத் தையல் நூலால் தையுங்கள். குழந்தை உடுப்பென்றால் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். கழன்ற தெறி நேரே வாய்க்குத்தான் போகும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தெறிக்குப் பதிலாக, நீளமில்லாத துணிப்பட்டி முடிச்சை நான் விரும்புவேன்.

எடுத்து வைக்கும்போது குழந்தை உடுப்புகளுக்குள் பூச்சி உருண்டை போடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய நெப்தலீன் சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. நன்றாக உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் போதும். பொட்டலம் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது.

நுவரெலியாவுக்கோ வெளிநாட்டுக்கோ பரிசாக அனுப்புகிறீர்களென்றால், நூல் எது, எந்தத் தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே வையுங்கள். அதோடு அதே நூலில் இரண்டு மீற்றரும், மிச்சத் தெறி ஒன்றும்.