வில்லங்கம் பார்க்கும்போது பழைய சர்வே எண்ணையும் போடுங்கள்

முதல் மனைக்கு முன்பணம் கொடுக்குமுன், தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை (அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியலை) நீங்களே பாருங்கள்; பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் இப்போதைய சர்வே எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். 124/3பி என்று உட்பிரிவான மனை என்றால் 124/3 என்றும் தேடுங்கள். உட்பிரிவுக்கு முந்தைய கிரயம், அடமானம், தானம் எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகியிருக்கும். தரகர் நீட்டும் வில்லங்க நகல் புது எண்ணுக்கு மட்டும் எடுத்ததாக இருந்தால், சுத்தமாகத்தானே தெரியும்! பழைய எண் மூலப்பத்திரத்தின் (அந்த நிலத்தின் முந்தைய பத்திரத்தின்) சொத்து விவரத்தில் கிடைக்கும்.

உயில், வாரிசுப் பங்கு, பதிவு செய்யாத ஒப்பந்தம் இவற்றுக்கு இந்த வழி உதவாது, அதற்கு வக்கீல்தான். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.