ஆய்வேடு, இசைக் கட்டுரை, சொந்தக் குறிப்பு: மூன்றையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். ஆய்வு, தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ச் சிறுகதைகள் பற்றி. அதோடு ஓர் இதழுக்கு உள்ளூர் இசை பற்றிக் கட்டுரை, இடையில் யாரும் கேட்காத சொந்தக் குறிப்புகள். எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்கிறார்கள். கிடைப்பதில்லை. காலையில் ஆய்வு, மதியம் இசை, இரவில் சொந்த எழுத்து என்று நானும் ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன், நான்கு நாள் ஓடியது.

நாளைப் பிரிப்பதை விட்டுவிட்டு ஆண்டைப் பிரித்துப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் உருமி மேளக் குழுக்கள் ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி எடுக்கும், புதுப் பாட்டுகள் வரும், தீபாவளிக்கு முன்பும் இதே கதைதான். அந்த இரண்டு பருவத்திலும் ஆய்வேட்டில் புது அத்தியாயம் தொடங்கவே தொடங்காதீர்கள். அடிக்குறிப்பைச் சரிபார்க்கலாம், நூற்பட்டியலை ஒழுங்குபண்ணலாம், பழைய நாளிதழ்ப் பக்கங்களைத் தட்டச்சு செய்யலாம், தலை களைத்திருந்தாலும் கை செய்யக்கூடிய வேலைகள் இவை. இரண்டுக்கும் நடுவில் வரும் நீண்ட மாதங்கள் ஆய்வுக்கு. முன்னேற்ற அறிக்கை எப்போது கொடுக்க வேண்டும் என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஆய்வு எழுதும் நாட்களில் மட்டும் ஒரு நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கு விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு. அம்மா தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டியவர். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டோடு போய்விடுவார். ஓய்வுபெற்று எத்தனையோ வருடமாகியும் நான்கு மணிக்கு எழுந்து கோப்பி கலக்கி வைத்துவிட்டு, "இன்னைக்குப் படிப்பா பாப்பா, பாட்டா?" என்று கேட்கிறார். அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத நாள் பெரும்பாலும் உருப்படாமல்தான் போகிறது.

அடுத்தது நோட்டு. மூன்று நோட்டு வாங்குங்கள், பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் விற்கும் மலிவு நோட்டே போதும். இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை பகலெல்லாம் கோட்பாட்டு நூல் படித்துவிட்டு, அதே நோட்டில், அதே சூட்டில் ஓர் உருமி நிகழ்ச்சி பற்றி எழுதினேன். "உருமியின் ஒலி புலம்பெயர்ந்த உடலின் நினைவாக வெளிப்படுகிறது." இதழாசிரியரிடமிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரே வரி வந்தது: "மேளம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கம்மா." வெட்கமாகப் போய்விட்டது. திரும்ப உட்கார்ந்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் பார்த்ததை எழுதினேன்: ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார், மறு முகத்தில் அடி விழுகிறது, அந்த உறுமல் காதுக்கு வருவதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் அதிர்ந்தது. அதுதான் அச்சில் வந்தது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. ஆய்வேட்டின் ஒரு பத்தியில் நான் எழுதிய 'செம' என்ற சொல்லை மேற்பார்வையாளர் சிவப்பு மையில் இரண்டு தடவை வட்டமிட்டிருந்தார்.

இதற்காக ஒன்றுக்கொன்று உதவாது என்றில்லை. யோகி பி & நட்சத்ரா என்கிற மலேசியத் தமிழ் ராப் குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு 2006இல் வந்தது என்பது மனப்பாடம்தான், ஆனாலும் எழுதும்போது உறையைப் பார்த்து ஆண்டை உறுதிசெய்துகொண்டுதான் போடுகிறேன். அது ஆய்வு கொடுத்த பழக்கம். இசைக்காக ஆட்களோடு பேசிப் பேசி, வாயைக் கிளறாமல் சும்மா இருந்து கேட்கும் பழக்கம் வந்தது, அது ஆய்வுக்குப் போனது.

ஆனால் நேர்காணலில் மட்டும் கறாராக இருங்கள். இதழுக்கென்று சொல்லி ஒரு தாத்தாவிடம் வாங்கிய பேச்சை ஆய்வேட்டில் செருக முடியாது. ஆய்வுக்கு மனிதர்களிடம் தகவல் திரட்ட வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதி வேண்டும், அவர் புரிந்துகொண்டு ஒப்புதல் தரவும் வேண்டும். ஆகவே ஒலிப்பதிவைத் தொடங்கும்போதே, "ஐயா, இது பேப்பருக்கு மட்டும்" என்றோ "இது என் படிப்புக்கு" என்றோ சத்தமாகச் சொல்லிவிடுங்கள், அதுவும் பதிவாகிவிடும். பிற்பாடு எதற்காகக் கேட்டோம் என்று குழம்ப வேண்டியதில்லை.

நூலகத்துக்குப் போகிற நாளைக் கோலாலம்பூர் நிகழ்ச்சி நாளோடு சேர்த்துவிடுங்கள், இடிஎஸ் ரயில் டிக்கெட் ஒன்றில் இரண்டு வேலை. பழைய நாளிதழைப் படம் எடுக்கும்போது முதலில் தலைப்பையும் தேதியையும் ஒரு படம், அப்புறம்தான் கதை. தமிழ் நேசன் 1924இலிருந்து 2019 வரை வந்த பத்திரிகை, தேதி இல்லாத ஒரு பக்கத்தை அதில் எங்கே போய்த் தேடுவீர்கள்? கோப்புக்கும் தேதியையே பெயராக வையுங்கள்.

மூன்றாவது நோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் தேதி போட மாட்டேன், திருத்த மாட்டேன். ரயிலில் எழுதுவேன். ஜன்னலுக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப் பனை) வரிசை ஓடிக்கொண்டிருக்கும், தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடு, காலையில் அவர்கள் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களம், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை என்று ஏதாவது வரும். அம்மா பற்றியும் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை ஆய்வேட்டுக்கும் கொடுக்கவில்லை, இதழ் கேட்டபோதும் கொடுக்கவில்லை. அம்மாவிடம் இன்னும் படித்துக் காட்டவில்லை.